லாஞ்சர் மென்பொருள்: டெஸ்க்டாப் நிறைய ஐகான், டி டிரைவ் நிறைய கோப்புகள். எதை வைத்து ஒழுங்கு செய்வது?

#1 அச்சுக்கூடம்

வணக்கம் நண்பர்களே.

கும்பகோணம் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, ஃப்ளெக்ஸ், பில் புக், விசிட்டிங் கார்டு என்று எல்லா வேலையும் வரும். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் சொன்ன ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்தாக வேண்டும். கடையில் இரண்டு கணினிகள். பழையதில் விண்டோஸ் 10, புதிதாக வாங்கியதில் விண்டோஸ் 11.

டெஸ்க்டாப்பில் இனி ஐகான் வைக்க இடமில்லை. கோரல்டிராவிலேயே இரண்டு பதிப்புகள், ஃபோட்டோஷாப், பழைய வேலைகளுக்காக இன்னும் பேஜ்மேக்கர், தமிழ் தட்டச்சுக்கு என்.எச்.எம். ரைட்டர், பிரிண்டர் சமாச்சாரங்கள். வேலைக் கோப்புகள் எல்லாம் டி டிரைவில் வருட வாரியாகக் கிடக்கின்றன. "மூத்தவளுக்கு அடிச்ச அதே பத்திரிகையை எடுங்க, பேரை மட்டும் மாத்தணும்" என்று வந்து நிற்பார்கள். கோப்பு இருக்கிறது, ஆனால் எந்த ஃபோல்டரில் என்று தேடுவதற்குள் அவர் பக்கத்து டீக்கடைக்குப் போய்விட்டு வந்துவிடுகிறார்.

விண்டோஸ் 7 காலத்தில் டாஸ்க்பாரில் ஒரு ஃபோல்டரையே டூல்பாராக வைத்திருந்தேன். சொடுக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் பட்டியலாக மேலே விரியும். 11-இல் அந்த வசதி இல்லை. ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினால் டி டிரைவில் இருக்கும் கோப்பு வருவதில்லை.

லாஞ்சர், அதாவது மென்பொருளையும் கோப்பையும் சட்டென்று திறக்க உதவும் மென்பொருள், போட்டால் சரியாகும் என்கிறார்கள். எதைப் போடலாம்? டிசைன் செய்யும் தங்கச்சியும் இதே கணினியில்தான் வேலை பார்க்கிறார். அவருக்கும் எளிதாக இருக்க வேண்டும்.

#2 விசைப்பலகை

அண்ணா, முதலில் ஸ்டார்ட் மெனு ஏன் கைவிடுகிறது என்று பார்த்துவிடலாம். விண்டோஸின் தேடல் எல்லா டிரைவுக்கும் கோப்பு அட்டவணை போட்டு வைப்பதில்லை. கிளாசிக் என்ற வழக்கமான அமைப்பில் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மாதிரி இடங்கள் மட்டும்தான். நம் ஊரில் பாதிக் கடைகளில் வேலைக் கோப்புகள் டி டிரைவில்தான் இருக்கும். அது கணக்கிலேயே வராது. 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து என்ஹான்ஸ்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் முழுக் கணினியையும் அட்டவணைப்படுத்தும். ஆனால் முதல் முறை நேரம் பிடிக்கும், பழைய ஹார்டு டிஸ்க் என்றால் கணினி திணறும்.

லாஞ்சர்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பொத்தான் வகை: படங்களை வரிசையாக அடுக்கி வைத்துச் சொடுக்குவது. 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 கூட வந்த குயிக் லாஞ்ச் பட்டையை எல்லோரும் பார்த்திருப்போம். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது அதன் இடத்தை டாஸ்க்பாரில் ஐகானை நிலையாகப் பொருத்தும் (பின் செய்யும்) முறை எடுத்துக்கொண்டது. நீங்கள் சொல்லும் ஃபோல்டர் டூல்பார் 2021-இல் விண்டோஸ் 11-ஓடு போனது.

இன்னொன்று தட்டச்சு வகை. ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தினால் திரை நடுவே ஒரு பெட்டி வரும், இரண்டு மூன்று எழுத்து தட்டினால் வேண்டியது கீழே நிற்கும், என்டர். மேக்கில் லாஞ்ச்பார், குயிக்சில்வர் எல்லாம் இந்த வழியில் முன்னோடிகள். ஆப்பிளே 2005-இல் டைகர் பதிப்பில் ஸ்பாட்லைட் என்ற தேடல் வசதியைச் சேர்த்தது. விண்டோஸில் அந்தக் காலத்தில் பலரும் வைத்திருந்தது லாஞ்சி. அதன் 2.5 பதிப்பு 2010-இல் வந்தது. இப்போது புதிதாகப் போடுபவர்கள் அதை எடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை தட்டச்சு வகையில் ஃப்ளோ லாஞ்சர், கூடவே கோப்புப் பெயரைத் தேடித் தரும் எவ்ரிதிங். இரண்டும் இலவசம். மைக்ரோசாஃப்ட்டின் பவர்டாய்ஸ் என்ற கருவித் தொகுப்பில் 2020-இலிருந்து ரன் என்ற லாஞ்சர் இருக்கிறது, 2025-இல் கமாண்ட் பேலட் என்று அதற்கு ஒரு வாரிசும் வந்துவிட்டது. அதுவும் நல்லதுதான். ஆனால் உங்கள் தேவை மென்பொருளைத் திறப்பதைவிடக் கோப்பைக் கண்டுபிடிப்பது. அதில் உயிர் எவ்ரிதிங்கில்தான் இருக்கிறது.

அது எப்படி அவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். என்.டி.எஃப்.எஸ். என்ற விண்டோஸின் வழக்கமான கோப்பு முறையில் ஃபார்மேட் செய்த டிரைவில் மாஸ்டர் ஃபைல் டேபிள் என்று ஒன்று இருக்கும். எல்லாக் கோப்பின் பெயரும் அதில் பதிவாகியிருக்கும். எவ்ரிதிங் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்து பார்ப்பதில்லை, அந்த அட்டவணையை நேரே படித்துவிடுகிறது. அப்புறம் டிரைவில் நடக்கும் மாற்றங்களை விண்டோஸ் குறித்துவைக்கும் யு.எஸ்.என். ஜர்னலைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பத்து லட்சம் கோப்புக்குச் சுமார் 75 எம்பி நினைவகம் எடுக்கும் என்கிறது அதன் தளம். உங்கள் பழைய கணினியும் தாங்கும்.

ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ் பெரும்பாலும் எஃப்.ஏ.டி.32 அல்லது எக்ஸ்-ஃபேட் என்ற வேறு கோப்பு முறையில் இருக்கும். அதில் இந்த ஜர்னல் கிடையாது. அதையும் தேடவேண்டுமானால் ஃபோல்டர் அட்டவணை என்று தனியாகச் சேர்க்க வேண்டும். அது நேரம் வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கும்.

#3 பொதிகை

விசைப்பலகை சொல்வதில் தகவல் சரி, முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

தட்டித் தேடுவது பெயர் தெரிந்தவருக்கு உதவும். கடையில் டிசைன் செய்பவர்கள் பெயரை வைத்தா யோசிக்கிறார்கள்? "மேலே மூலையில் இருக்கும் சிவப்புப் பத்திரிகை மாடல்" என்று இடத்தையும் படத்தையும் வைத்துத்தான் யோசிக்கிறார்கள். கை மவுஸில் இருக்கிறது. கோரல்டிராவில் ஒரு கோட்டை இழுத்துக்கொண்டிருப்பவரை மவுஸை விட்டு விசைப்பலகைக்கு வரச் சொல்வது அவர் வேலையை உடைப்பது.

சிலாஞ்ச் என்று ஜப்பானில் செய்த ஒரு சின்ன லாஞ்சர் இருக்கிறது, இலவசம். டெஸ்க்டாப்பில் இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் ஒரு பலகை வரும். அதில் பக்கம் பக்கமாகப் பொத்தான்கள். ஒரு பக்கத்தில் மென்பொருள், இன்னொன்றில் பத்திரிகை மாடல்கள், இன்னொன்றில் இந்த வாரம் நடக்கும் வேலைகள் என்று பிரித்துவிடலாம். கோப்பு, ஃபோல்டர், இணைய முகவரி எதை வேண்டுமானாலும் இழுத்துப் போடலாம். வேலை முடிந்ததும் பலகை தானே மறைந்துவிடும்.

எதையுமே நிறுவ வேண்டாம் என்றால், டாஸ்க்பாரில் இருக்கும் கோரல்டிரா ஐகானை வலது சொடுக்குங்கள். அண்மையில் திறந்த கோப்புகள் வரும். அதிலேயே அடிக்கடி எடுப்பதைப் பின் செய்யலாம். விண்டோஸ் 7-இலிருந்து இருக்கிறது, ஆனாலும் பல கடைகளில் இதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை.

#4 வெண்திரை

பொதிகை சொல்வதற்கு மேக் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி. 2011-இல் லயன் பதிப்போடு லாஞ்ச்பேட் என்று ஐகான் கட்டங்கள் வந்தன. 2025-இல் டாஹோ பதிப்பில் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஸ்பாட்லைட் பக்கம் கொண்டுபோனார்கள். ஸ்பாட்லைட் நன்றாகவே வளர்ந்திருக்கிறது, நான் தினமும் அதைத்தான் தட்டுகிறேன். ஆனால் என் அம்மா லாஞ்ச்பேடில் தன் கையால் அடுக்கி வைத்திருந்த வரிசை போய்விட்டது. அவருக்கு வங்கிச் செயலி எந்தக் கட்டத்தில் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும், அதன் ஆங்கிலப் பெயரைத் தட்டத் தெரியாது. இடத்தை நினைவில் வைப்பவர்களை இரண்டாம் தரமாக நினைப்பது நியாயமில்லை.

#5 லினக்ஸ்வாசி

லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: கேடிஈ டெஸ்க்டாப் என்றால் கேரன்னர் என்ற லாஞ்சர் கூடவே வருகிறது, க்னோமில் சூப்பர் விசையை அழுத்தித் தட்டினாலே போதும். தனியாக வேண்டுமென்றால் யூலாஞ்சர், ரோஃபி. கோப்பைத் தேட பீலொகேட். கோரல்டிரா வேண்டும் என்பதால் அண்ணனுக்கு இது பொருந்தாது.

#6 அச்சுக்கூடம்

எல்லோருக்கும் நன்றி. எவ்ரிதிங், ஃப்ளோ இரண்டையும் போட்டுவிட்டேன். வேகம் பிரமாதம். தட்டத் தட்டவே பட்டியல் குறைந்துகொண்டே வருகிறது.

ஆனால் தமிழில் பெயர் வைத்த கோப்புகளில் சிக்கல். "கௌரி" என்று தேடினால் சில கௌரி வருகிறது, சில வருவதில்லை. "ஸ்ரீ" என்று ஆரம்பிக்கும் கோப்புகளும் அப்படித்தான். கண்ணுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிகிறது. அப்புறம், தமிழ் தட்டச்சு ஆன் ஆகியிருக்கும்போது லாஞ்சரைத் திறந்தால் "கோரல்" என்பதற்கு ஆங்கில விசைகளை அழுத்த, பெட்டியில் ஏதோ தமிழ் எழுத்துகள் விழுகின்றன. மறுபடி மொழியை மாற்றி, அழித்து, தட்டி... இதற்கு மவுஸே தேவலை என்கிறார் தங்கச்சி.

#7 நெய்தல்

இது லாஞ்சரின் குற்றம் இல்லை சார். தமிழ் எழுத்து கணினிக்குள் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த லாஞ்சர் போட்டாலும் பாதிக் கோப்புகள் ஒளிந்துகொள்ளும்.

கௌரியை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான யுனிகோடில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) "கௌ" என்பது க, அதோடு ஔகாரக் குறி. ஆனால் பலரும் ஒற்றைக்கொம்பு போட்டு "கெ", பக்கத்தில் "ள" என்று அடித்துவிடுவார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றே. கணினிக்கு அது "கெளரி", வேறு சொல். சௌந்தர்யா, மௌனிகா, பௌர்ணமி எல்லாவற்றிலும் இதே கதை. தேடலில் வந்த கோப்புகளை அடித்தவர் ஒருவர், வராததை அடித்தவர் இன்னொருவர் என்று பார்த்தாலே தெரியும்.

ஸ்ரீ இன்னும் சிக்கல். அதை ஸ், ரீ என்று சேர்த்தும் எழுதலாம், ஶ், ரீ என்று சேர்த்தும் எழுதலாம். ஶ என்ற எழுத்து யுனிகோடுக்குள் 2005-இல் 4.1 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் உருவான தட்டச்சு மென்பொருள்கள் முதல் வழியைப் பிடித்துக்கொண்டன. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் திரையில் தெரியும். பத்திரிகைக் கடையில் முக்கால்வாசிக் கோப்பு ஸ்ரீயில்தானே தொடங்கும்!

மூன்றாவது, மேக்கிலிருந்து வந்த கோப்புகள். "கொ", "கோ" மாதிரி எழுத்துகளை யுனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். ஆப்பிளின் பழைய ஹெச்.எஃப்.எஸ். பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் வைக்கும். அந்த டிரைவிலிருந்து உங்களுக்கு வந்த "கோமதி" வேறு, நீங்கள் அடித்துத் தேடும் "கோமதி" வேறு. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலில் இரண்டும் சந்திக்காது.

இதெல்லாம் கோப்பின் பெயர் மட்டும். உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடலாமா என்றால் அங்கே நிலைமை இன்னும் மோசம். கோரல்டிராவிலும் பேஜ்மேக்கரிலும் நீங்கள் அடித்திருப்பது பெரும்பாலும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கும். திரையில் தமிழ், கோப்பின் உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். "திருமண அழைப்பிதழ்" என்று யுனிகோடில் தேடினால் எந்தக் கருவியாலும் அதைப் பிடிக்க முடியாது. ஆகவே டிடிபி கடையில் கோப்பின் பெயர் ஒன்றுதான் கைப்பிடி. அந்தப் பெயர் சரியாக இல்லாவிட்டால் லாஞ்சர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பயனில்லை.

தட்டச்சு மொழிச் சிக்கலுக்கு வருகிறேன். ஃப்ளோவின் அமைப்புகளில், திறக்கும்போது ஆங்கில உள்ளீட்டில் தொடங்கு என்று ஒரு தேர்வு உண்டு. விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகை வைத்திருப்பவர்கள் அதை முயன்று பார்க்கலாம். என்.எச்.எம். ரைட்டர் தனி மென்பொருளாகப் பின்னால் ஓடுவது. அதற்கு அந்தத் தேர்வை நம்ப வேண்டாம்.

நான் சொல்லும் வழி எண்கள். தமிழ்99 விசைப்பலகை ஆனாலும் ஆங்கிலம் ஆனாலும் மேல் வரிசை எண் விசைகள் எண்ணையே தரும். கோப்பின் பெயரில் வாடிக்கையாளரின் செல்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைச் சேர்த்துவிடுங்கள். முதலில் வருடம், மாதம், பிறகு அந்த நான்கு இலக்கம், பிறகு பெயரும் வேலையும். 2025-08-4471-கோமதி-பத்திரிகை என்பது போல. வந்து நிற்பவரிடம் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு நான்கு விசை தட்டினால் அவர் வீட்டு வேலை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மொழி எதில் இருந்தாலும் கவலையில்லை, கௌரியா கெளரியா என்ற கேள்வியும் இல்லை.

#8 பொதிகை

எண் யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு சந்தேகம். நம்மில் நிறைய பேர் நம்பர் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இரண்டு சிம் வைத்திருக்கிறார்கள். பத்திரிகைக்கு அண்ணன் வருவார், காதணி விழாவுக்கு மச்சான் வருவார். இரண்டாவது, பழைய கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்குமே, யார் பெயர் மாற்றுவது? பில் எண்ணைப் போட்டால் என்ன?

#9 நெய்தல்

பில் எண் கடைக்காரர் பக்கம் ஒழுங்கு, வாடிக்கையாளர் பக்கம் பயனில்லை. ஐந்து வருடம் கழித்துப் பில்லை எடுத்துக்கொண்டு யார் வருவார்? நம்பர் மாறினாலும் பெயரும் வருடமும் கோப்பில் இருக்கின்றனவே. எவ்ரிதிங்கில் இடைவெளி விட்டு இரண்டு துண்டு தட்டினால் இரண்டும் இருக்கும் கோப்பு மட்டும்தான் வரும். "2023" என்று ஒரு துண்டு, ஊர்ப் பெயர் ஒரு துண்டு. அதனால் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பழைய கோப்புகளை மொத்தமாகப் பெயர் மாற்றவே வேண்டாம். பவர்டாய்ஸில் மொத்தமாகப் பெயர் மாற்றும் கருவி இருக்கிறதுதான், ஆனால் பேஜ்மேக்கர் கோப்புகள் படங்களை வெளியிலிருந்து இணைத்து வைத்திருக்கும். படத்தின் பெயரையோ இடத்தையோ மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும். கோரல்டிராவிலும் படத்தை வெளி இணைப்பாக இறக்கியிருந்தால் இதே கதி. பழைய வேலை எப்போது திரும்ப வருகிறதோ அப்போது திறந்து, புதுப் பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். திரும்பி வராததற்குப் பெயர் எப்படி இருந்தால் என்ன.

#10 செவிவழி

இழையை முழுவதும் கேட்டேன். நான் பார்வைக் குறைபாடு உள்ளவன், என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் வைத்துக் கணினி பயன்படுத்துகிறேன். பொத்தான் பலகை எனக்கு உதவாது, தட்டச்சு லாஞ்சர்தான் ஏற்றது என்று தோன்றும். அதிலும் ஒன்றைப் பார்க்க வேண்டும்: நாம் தட்டும்போது கீழே வரும் முடிவுகளைத் திரைவாசிப்பான் படிக்கிறதா? சில லாஞ்சர்களில் பெட்டி வரும், முடிவுகள் வரும், காதுக்கு எதுவும் வராது. என்டர் அடித்தால் என்ன திறக்கும் என்றே தெரியாது. நிறுவியதும் முதலில் அதைச் சோதிப்பேன்.

இன்னொன்று, ஆல்ட் + ஸ்பேஸ். விண்டோஸில் அது ஏற்கெனவே சாளர மெனுவைத் திறக்கும் விசை. சாளரத்தைப் பெரிதாக்க, நகர்த்த நாங்கள் தினமும் அதை அழுத்துகிறோம். ஃப்ளோ, பவர்டாய்ஸ் ரன் இரண்டும் நிறுவியதும் அந்த விசையை எடுத்துக்கொள்கின்றன. செயற்கை நுண்ணறிவு உதவியாளர் செயலிகள் சிலவும் இப்போது அதையே கேட்கின்றன. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கணினியில் லாஞ்சரின் விசையை வேறாக மாற்றி வையுங்கள். இரண்டு லாஞ்சர் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் இது முக்கியம், ஒன்று திறக்கும் மற்றது திறக்காது.

எந்த மென்பொருளும் இல்லாமல் நான் செய்வது: ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ஷார்ட்கட் கீ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு எழுத்தை அழுத்தினால் கன்ட்ரோல் + ஆல்ட் + அந்த எழுத்து என்று பதிவாகிவிடும். ஷார்ட்கட் டெஸ்க்டாப்பிலோ ஸ்டார்ட் மெனுவிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். என்.வி.டி.ஏ.வே கன்ட்ரோல் + ஆல்ட் + என் அழுத்தினால் கிளம்புவது இந்த ஏற்பாட்டில்தான். டாஸ்க்பாரில் பின் செய்தவற்றுக்கு விண்டோஸ் விசையோடு 1, 2, 3 என்று எண்ணை அழுத்தினால் போதும். நெய்தல் சொன்ன எண் தத்துவம் இங்கேயும் பொருந்தும், தட்டச்சு எந்த மொழியில் இருந்தாலும் வேலை செய்யும்.

#11 விசைப்பலகை

செவிவழி, நீங்கள் சொன்னது மிக முக்கியம். நான் எழுதும்போது விசை மோதலைச் சேர்த்திருக்க வேண்டிய இடம் அது. அண்ணா, ஃப்ளோவின் அமைப்பில் ஹாட்கீ பகுதியில் மாற்றிவிடுங்கள்.

#12 அச்சுக்கூடம்

விசையை மாற்றிவிட்டேன். டாஸ்க்பாரில் முதல் ஐந்து இடத்தை இரண்டு கணினியிலும் ஒரே வரிசையில் வைத்துவிட்டேன்: கோரல், ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர், எவ்ரிதிங், பிரவுசர். எண் அழுத்தினாலே திறக்கிறது. சிலாஞ்சும் போட்டாயிற்று. தங்கச்சிக்குப் பத்திரிகை மாடல் பக்கம் ரொம்பப் பிடித்துவிட்டது, அவரே பக்கங்களை அடுக்கிக்கொண்டார்.

ஒரு சந்தேகம். பழைய கணினியில் லாஞ்சர் வழியாகத் திறந்தால் ஃபோட்டோஷாப்புக்குள் படத்தை இழுத்துப் போட முடியவில்லை. தடை வட்டம் காட்டுகிறது. டெஸ்க்டாப் ஐகானில் திறந்தால் ஏறுகிறது. அடுத்த கணினியின் பகிர்ந்த டிரைவும் அப்போது தெரிவதில்லை.

#13 விசைப்பலகை

லாஞ்சர் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறது, அதுதான் காரணம். லாஞ்சர் எந்த அதிகாரத்தில் ஓடுகிறதோ அதே அதிகாரம் அது திறக்கும் மென்பொருளுக்கும் போய்விடும். ஃபைல் எக்ஸ்புளோரர் சாதாரண அதிகாரத்தில் இருக்கிறது. கீழ் அதிகாரத்தில் இருப்பது மேல் அதிகாரத்தில் இருப்பதற்குள் எதையும் தள்ள முடியாதபடி விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ் தடுக்கிறது. ஆகவே இழுத்துப் போடுவது நடக்காது. பகிர்ந்த டிரைவ் எழுத்துகளும் அதிகாரத்துக்கு அதிகாரம் தனித்தனி, அதனால் தெரிவதில்லை.

லாஞ்சர் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் அட்மினிஸ்ட்ரேட்டர் டிக்கை எடுத்துவிட்டு, லாஞ்சரை மூடித் திறங்கள். எவ்ரிதிங்குக்கு மட்டும் டிரைவ் அட்டவணையைப் படிக்க மேல் அதிகாரம் தேவை. அதற்கு எவ்ரிதிங் சர்வீஸ் என்ற தேர்வு அமைப்பிலேயே இருக்கிறது. அதைப் போட்டால் படிக்கும் வேலையைச் சர்வீஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பார்க்கும் சாளரம் சாதாரணமாகவே ஓடும். அட்மின் உரிமை இல்லாத அலுவலகக் கணினியில் இருப்பவர்கள், நிறுவும்போது ஐ.டி. ஆளிடம் கேட்டு இதைச் செய்துகொள்ளலாம்.

கூடவே ஒன்று. இந்தக் கருவிகளை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தோ விண்டோஸின் விங்கெட் என்ற நிறுவும் கருவி வழியாகவோ மட்டும் எடுங்கள். பெயரைத் தேடினால் முதலில் வரும் பதிவிறக்கத் தளங்கள் பலவற்றில் தேவையில்லாதது எதையாவது ஒட்டிக் கொடுப்பார்கள். கடைக் கணினியில் ஊரார் ஆதார் நகல், பாஸ்போர்ட் புகைப்படம் எல்லாம் இருக்கும், அங்கே இந்த விளையாட்டு வேண்டாம். இதே காரணத்தால் லாஞ்சரில் நகலெடுத்ததையெல்லாம் நினைவில் வைக்கும் கிளிப்போர்டு வரலாறு வசதி இருந்தால் கடையில் அதை அணைத்து வைப்பது நல்லது.

#14 அச்சுக்கூடம்

டிக்கை எடுத்ததும் படம் ஏறுகிறது, பகிர்ந்த டிரைவும் வந்துவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி. 2015-க்கு முந்தைய வேலைகள் எல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்குகளில் பீரோவில் இருக்கின்றன. எந்த டிஸ்க்கில் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டியிருக்கிறது. செருகாமலே தேட வழி உண்டா?

#15 நெய்தல்

உண்டு சார். எவ்ரிதிங்கில் கோப்புப் பட்டியல் என்று ஒரு வசதி இருக்கிறது. டிஸ்க்கை ஒருமுறை செருகி, டூல்ஸ் மெனுவில் ஃபைல் லிஸ்ட் எடிட்டரைத் திறந்து, அந்த டிஸ்க்கின் ஃபோல்டரைச் சேர்த்து, இ.எஃப்.யூ. கோப்பாகச் சேமியுங்கள். அதில் பெயர், அளவு, தேதி போன்ற விவரங்கள் மட்டும் இருக்கும். பிறகு ஆப்ஷன்ஸில் ஃபைல் லிஸ்ட்ஸ் பகுதியில் அந்தக் கோப்பைச் சேர்த்துவிட்டால், டிஸ்க் பீரோவில் இருந்தாலும் தேடலில் அதன் கோப்புகள் வரும். திறக்கத்தான் டிஸ்க்கைச் செருக வேண்டும்.

ஒவ்வொன்றாகச் செருகும்போது பெரும்பாலும் எல்லா டிஸ்க்கும் ஒரே டிரைவ் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பாதையைப் பார்த்து எந்த டிஸ்க் என்று சொல்ல முடியாது. பட்டியல் எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு டிஸ்க்கிலும் மேல் மட்டத்தில் "டிஸ்க்-01" என்று ஒரே ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்திவிடுங்கள். அதே எண்ணை டிஸ்க்கின் மேல் ஸ்டிக்கரில் எழுதுங்கள். தேடல் முடிவின் பாதையிலேயே டிஸ்க் எண் தெரியும். ஒன்று, பேஜ்மேக்கர் இணைப்புகள் முழுப் பாதையை வைத்திருக்கும். நகர்த்திய பிறகு அந்தக் கோப்பைத் திறக்கும்போது படம் எங்கே என்று கேட்டால் புது இடத்தைக் காட்டிவிடுங்கள். நகர்த்தவே பயமாக இருந்தால் டிஸ்க்கின் வால்யூம் பெயரை (எக்ஸ்புளோரரில் டிரைவ் எழுத்தோடு தெரியும் பெயர்) மாற்றிவிட்டு, இ.எஃப்.யூ. கோப்புக்கும் அதே பெயர் வையுங்கள்.

#16 அச்சுக்கூடம்

பேஜ்மேக்கர் வேலைகள் அந்த டிஸ்க்குகளில் நிறைய இருப்பதால் நகர்த்தாமல் இரண்டாவது வழியில் போகிறேன். முகூர்த்த நாள் வேலை முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை பட்டியல் எடுத்து, இரண்டு கணினியிலும் அந்த இ.எஃப்.யூ. கோப்புகளைச் சேர்த்துவிடுகிறேன். புது வேலைகளுக்கு நான்கு இலக்கம் இன்றிலிருந்தே போட ஆரம்பித்தாயிற்று.